படத்தொகுப்புச் செயற்றிட்டக் கோப்பின் சிதைவும் மீட்சியும்

கணினியின் துணைகொண்டு திரைப்படமுங் காணொளியுந் தொகுப்போர் நாடோறுங் கையாளுங் கோப்புகள் இருவகைப்படும். ஒன்று, படப்பிடிப்புக் கருவியும் ஒலிவாங்கியும் பதிந்து தந்த மூலக்கோப்பு. மற்றையது, தொகுப்பாளர் தம் மென்பொருளிலே ஆக்கிச் சேமிக்குஞ் செயற்றிட்டக் கோப்பு. முன்னையது உருவத்தாற் பெரிது. பல நூறு கிகாபைற்று வரை விரிவது. பின்னையது பெரும்பாலுஞ் சில மெகாபைற்றுக்குள் அடங்குவது. அளவிலே சிறிதாகிய இப்பின்னையதே சிதைவுக்கு எளிதில் இலக்காவதும், சிதைந்தவிடத்துப் பேரிழப்பை விளைப்பதுமாம். அதன் இயல்பு யாது, அது கெடுவது எவ்வாறு, கெட்டதை மீட்கும் வழி எவை, கெடாமற் காக்கும் வகை யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

செயற்றிட்டக் கோப்பினுள்ளே படமும் இல்லை, ஒலியும் இல்லை. இதனை முதற்கண் உளங்கொள்ளல் வேண்டும். இன்ன கோப்புறையிலே இன்ன பெயருடன் இருக்கும் மூலக்கோப்பை எடுத்து, அதன் இத்தனையாஞ் சட்டகந் தொடங்கி இத்தனையாஞ் சட்டகம் வரையுள்ள பகுதியைக் காலக்கோட்டின் இன்னவிடத்தில் வைத்து, நிறத்தை இவ்வளவு மாற்றி, ஒலியை இவ்வளவு தாழ்த்துக என்னும் ஏவற்குறிப்புகளே அதனுள் உள்ளன. மென்பொருள் இக்குறிப்புகளைப் படித்து, மூலக்கோப்பினின்றும் படத்தை அவ்வப்போது ஆக்கிக் காட்டுகின்றது. ஆகவே செயற்றிட்டக் கோப்பு கெட்டால் எடுத்த படம் அழிவதில்லை. அழிவது தொகுப்பாளரின் தெரிவு. முதியவர் ஒருவரின் மூன்று மணித்தியாலப் பேச்சிலிருந்து எந்த நாற்பது நிமிடம் நிற்கவேண்டும், அவர் சொல்ல வந்ததைச் சொல்லாது நிறுத்திய கணம் எவ்வளவு நேரந் திரையில் இருக்கவேண்டும் என்று பல வாரம் இருந்து செய்த தீர்ப்புகள் அவை. மூலப்படம் இருக்கின்றதே, மீண்டுந் தொகுத்தாலென்ன என்று வினவுவார் அவ்வேலையைச் செய்திராதவர். மீண்டுந் தொகுக்கலாம், அதே தீர்ப்பு இரண்டாமுறை வாய்ப்பது அரிது.

தீர்ப்பைப் படத்தினின்றும் பிரித்தெழுதும் இம்முறை இன்றைய மென்பொருள்களோடு தோன்றியதன்று. அமெரிக்காவிலே சீபீஎஸ் ஒளிபரப்பு நிறுவனமும் மெமொறெக்ஸ் நிறுவனமுங் கூடி அமைத்த சீஎம்எக்ஸ் என்னும் நிறுவனம் 1971ஆம் ஆண்டிலே கணினிவழித் தொகுப்புக் கருவியை வெளியிட்டது. தொகுப்பாளர் தரங்குறைந்த கறுப்பு வெள்ளைப் படிகளைப் பார்த்து முடிவுசெய்தவை எண்களாகப் பட்டியலிடப்பட்டன. அப்பட்டியலின்படி நாடாப் பொறிகள் உயர்தர மூலநாடாவைத் தொகுத்தன. 'தொகுப்புத் தீர்மானப் பட்டியல்' என்னும் அவ்வடிவம், அந்நிறுவனத்தின் 3600 என்னும் இலக்கம் பெற்ற கருவியின் பெயரோடு, இன்றும் மென்பொருள்களிற் காணப்படுகின்றது. அது கண்ணாற் படிக்கத்தக்க வெறும் எழுத்துக் கோப்பு. அதிலே ஒரு வரி கெட்டால் அவ்வரியே கெடும். ஏனைய வரிகள் நிலைபெறும். பின்வந்த மென்பொருள்கள் ஆற்றலிற் பன்மடங்கு மிக்கனவாயினும் இந்நலத்தை இழந்துவிட்டன.

இன்று வழக்கிலுள்ள மென்பொருள்கள் யாவும் ஒரேவகையாகச் செயற்றிட்டத்தைச் சேமிப்பனவல்ல. சேமிக்கும் வகையை ஒட்டியே சிதைவின் தன்மையும் மீட்கும் முறையும் வேறுபடும். 1991இல் முதன்முதல் வெளிவந்து, 2003இற் புதிதாக எழுதப்பட்ட அடோபி பிறீமியர் என்னும் மென்பொருள், செயற்றிட்டம் முழுவதையும் எக்ஸ்எம்எல் என்னுங் குறிமொழியிலே எழுதி, அதனை 'ஜீசிப்' என்னும் முறையாற் சுருக்கி ஒரே கோப்பாக்குகின்றது. கட்டற்ற மென்பொருளாகிய கேடன்லைவ், ஷொட்கட் என்பனவும் எக்ஸ்எம்எல் மொழியையே கையாள்கின்றன. ஆயின் அவை சுருக்குவதில்லை. ஓப்பின்ஷொட் என்பது ஜேசன் என்னும் எழுத்துவடிவைக் கைக்கொண்டது. அப்பிள் நிறுவனத்தின் பைனல் கட் புரோவும், பிளாக்மஜிக் நிறுவனத்தின் டாவின்சி றிசோல்வும் தரவுத்தளத்தை நாடின. முன்னையதன் நூலகத்தினுள்ளும், பின்னையது ஒரு கணினியிலே தனித்து இயங்கும்போதும், எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளமே உண்மைப் பதிவேடாகும். அவிட் நிறுவனம் 1989இலே வெளியிட்ட தன் முதற் கருவியின் வழிவந்த மீடியா கொம்போசர் என்பதோ வேறொரு வழி கண்டது. அதிலே செயற்றிட்டம் என்பது ஒரு கோப்பன்று; 'பின்' என வழங்கும் பல சிறு பெட்டிகள் தனித்தனிக் கோப்புகளாக ஒரு கோப்புறையிலே கிடக்கும். ஒரு பெட்டி சிதைந்தால் ஏனைய பெட்டிகளுக்கு ஊறில்லை. பெரும் படப்பிடிப்பு நிலையங்கள் பல இம்மென்பொருளை நெடுங்காலங் கைவிடாதிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனல் தகும்.

இனிச் சிதைவின் காரணங்களை நோக்குவாம். அவற்றுள் முதன்மையானது எழுதும்போது ஏற்படும் இடையூறு. 'சேமி' என்னும் பொத்தானை அழுத்திய கணத்திலேயே கோப்பு வன்தட்டிற் பதிந்துவிட்டது எனப் பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. மென்பொருள் தருந் தரவைப் பணிசெயல் முறைமை முதலில் நினைவகத்திலே ஏற்றுவைத்துப் பின்னரே தட்டுக்கு அனுப்பும். தட்டோ தன்னுள்ளும் ஒரு சிறு நினைவகம் உடையது. இவ்விடைவெளியில் மின் அற்றுப்போயின், கோப்பின் பெயரும் அளவும் பதிவேட்டில் ஏறியிருக்கும். உள்ளே இருக்கவேண்டிய தரவு மட்டும் ஏறியிராது. அவ்வாறான கோப்பைத் திறந்து பார்த்தால், அளவு முன்னையதை ஒத்திருக்க, உள்ளெல்லாம் வெறும் பூச்சியமாகக் காணப்படும். லினக்ஸ் முறைமையில் ஈஎக்ஸ்ரி4 என்னும் புதிய கோப்பு ஒழுங்கு புகுந்த பின்னர், 2009ஆம் ஆண்டிலே இதைப்பற்றிப் பெரியதொரு விவாதம் எழுந்தது. விரைவின்பொருட்டு அவ்வொழுங்கு தரவை எழுதுவதை அரை நிமிடமும் அதற்கு மேலும் ஒத்திவைத்தது. இடையே கணினி நின்றபோது பல கோப்புகள் பூச்சிய நீளமுடையனவாய் எஞ்சின. அவ்வொழுங்கை ஆக்கியோருள் முதல்வராகிய தியடோர் சோ, குற்றம் கோப்பு ஒழுங்கின்மேலதன்று, எழுதும் முறையறியா மென்பொருள்களின்மேலது என வாதித்தார். எனினும் அவரே பாதிப்பைக் குறைக்குந் திருத்தங்களையும் எழுதிச் சேர்த்தார்.

எழுதும் முறை என்றது யாது? பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதுதல் ஆகாது. புதியதை வேறொரு தற்காலிகப் பெயரில் முழுதும் எழுதி, அது தட்டிற் பதிந்ததென்று உறுதிசெய்து, அதன் பின்னரே பழைய பெயரை அதற்கு மாற்றிக் கொடுத்தல் வேண்டும். பெயர்மாற்றம் என்பது ஒரே செயலாக நிகழ்வதாதலால், எக்கணத்தில் மின் நின்றாலும் பழையதோ புதியதோ ஒன்று முழுமையாக எஞ்சும். நல்ல மென்பொருள்கள் இவ்வாறே செய்கின்றன. ஆயினும், வெளியே இணைத்த வன்தட்டை முறைப்படி விடுவியாது கம்பியை இழுத்தெடுப்பவருக்கு இவ்வேற்பாடும் முழுக்காவலாகாது. இலங்கையிலே 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியபோது, மேசைக்கணினியில் வேலைசெய்தோர் மின் நிற்கும் நேரத்தை அறிவித்தல் பார்த்துக் கணக்கிட்டே சேமித்தனர். அறிவித்த மின்வெட்டு அவ்வளவிற் கொடியதன்று. அறிவியாது ஒரு நொடி மினுங்கி மீளும் மின்னே கோப்பைக் கெடுப்பதில் வல்லது.

இரண்டாவது காரணம் உள்ளிருந்தே எழுவது. மென்பொருளின் வழுவினாலோ, செருகுநிரல் ஒன்றின் குறையினாலோ, நினைவகத்திலுள்ள செயற்றிட்டமே பிழைபட்டுவிடுகின்றது. அதனை மென்பொருள் ஒழுங்காகச் சேமிக்கும். கோப்பு என்னும் வகையில் அதிற் பழுதொன்றும் இராது. பொருள் வகையிலே பழுது இருக்கும். இதன் கொடுமை உடனே தெரியாமையே. தன்னியக்கச் சேமிப்பு 15 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 பிரதி வரை வைத்திருக்குமாறு அமைக்கப்பட்டுள்ளது எனக் கொள்க. அஃது 300 நிமிடம், அதாவது ஐந்து மணித்தியாலத்தையே காக்கும். காலையிற் புகுந்த பழுது மாலையிற் கண்டறியப்படுமாயின், அதற்குள் நல்ல பிரதி யாவும் பழுதுற்ற பிரதிகளால் மூடுண்டிருக்கும். காவலாளியே கள்வனுக்குக் கதவு திறந்துவிட்டது போன்றது இது.

வேறுசில காரணங்கள் எதிர்பாராத திசையிலிருந்து வருவன. கேடன்லைவ் மென்பொருளில் நேர்ந்ததொன்று இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. தசமப் பின்னத்தை எழுதும்போது ஆங்கிலேயர் புள்ளியிடுவர். செருமானியரும் பிரெஞ்சியருங் காற்புள்ளியிடுவர். அம்மென்பொருள் கணினியில் அமைந்த நாட்டு வழக்கைப் பின்பற்றியே செயற்றிட்டக் கோப்பில் எண்களை எழுதிவந்தது. ஒரு நாட்டு வழக்கில் 0.75 என எழுதப்பட்ட ஒளியளவு, காற்புள்ளியை எதிர்நோக்கும் மற்றொரு கணினியிலே புள்ளிக்கு முன்னுள்ள பூச்சியமாக மட்டும் படிக்கப்பட்டது. எந்தத் தட்டும் பழுதுறவில்லை, மின்னும் அறவில்லை, படத்தின் ஒளியும் ஒலியும் மட்டுங் கெட்டன. 2020 ஓகஸ்டில் வெளியான பதிப்பிலிருந்து எங்கும் புள்ளியே எழுதப்படும் என விதிக்கப்பட்டது. அம்மாற்றத்தின் விளைவாகப் புதிய கோப்புகளைப் பழைய பதிப்புகளிலே திறந்து வேலைசெய்தல் இயலாதாயிற்று. கொடுத்த விலை தக்கதே.

முகிற் சேமிப்பு எனப்படும் ஒத்திசைவுக் கோப்புறைகளும் இவ்வகையிற் சேர்க்கத்தக்கன. எழுத்துக் கோப்பு ஒன்றை அங்கே வைத்தால் தீங்கு சிறிது. தரவுத்தளத்தை வைத்தால் தீங்கு பெரிது. எஸ்கியூலைட் தரவுத்தளம் வேலைநடக்கும்போது தன் பக்கத்திலே ஒரு துணைப்பதிவேட்டை எழுதிக்கொள்ளும். இரண்டுஞ் சேர்ந்தே ஒரு முழுமை. ஒத்திசைவு மென்பொருளோ இவை இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தன என்பதை அறியாது, முதற்கோப்பை ஒரு கணத்திலும் துணைக்கோப்பை வேறொரு கணத்திலும் ஏற்றிச் செல்லும். மறுமுனையிற் சேர்வது எக்கணத்துக்கும் உரியதல்லாத ஒரு கலவை. தொகுப்பு மென்பொருள் திறந்திருக்கையிலே கையினாற் பிரதியெடுப்போர்க்கும் இவ்விடர் உண்டு.

மீட்கும் வழியைக் கூறுமுன், சிதைவு அல்லாததைச் சிதைவென மயங்கும் நிலையையும் சுட்டுதல் நன்று. செயற்றிட்டந் திறந்து, படமிருக்கவேண்டிய இடமெல்லாம் 'ஊடகம் இல்லை' என்னுஞ் சிவப்புப் பலகை தோன்றின், கோப்பு கெடவில்லை, மூலக்கோப்பு இடம்மாறியதேயாகும். புதிய இடத்தைக் காட்டிக் கொடுத்தால் யாவும் மீளும். புதிய பதிப்பிற் சேமித்ததைப் பழைய பதிப்பிலே திறக்க முயன்றாலும் மென்பொருள் மறுக்கும். திறக்கும்போது மென்பொருளே விழுந்துவிடின், இடைத்தேக்கக் கோப்புகளையோ செருகுநிரலையோ ஐயுறல் வேண்டும். இடைத்தேக்கம் மூலக்கோப்பினின்றும் மீள ஆக்கத்தக்கதாதலின் அதனை அழித்துப் பார்ப்பதில் இழப்பில்லை. அவிட் மென்பொருளிலும் ஊடகக் கோப்புறைகளில் உள்ள இரு சிறு தரவுத்தளக் கோப்புகளை அகற்றிவிட்டுத் திறந்தால், அது மூலங்களை முழுதும் படித்து அவற்றைப் புதிதாக எழுதிக்கொள்ளும். 'செயற்றிட்டம் போயிற்று' என்று கலங்கி வருவோருட் பலரின் குறை இவ்வளவிலேயே தீர்ந்துவிடும்.

உண்மையிலேயே கோப்பு சிதைந்ததாயின், முதற்செயல் ஒன்றே: எதனையுஞ் சேமியாதிருத்தல். அரைகுறையாகத் திறந்த செயற்றிட்டத்தைப் பழக்கத்தினாற் சேமித்தவர், மீளக்கூடியதை மீளாததாக்குவர். பழுதுற்ற கோப்பையும், தன்னியக்கச் சேமிப்புக் கோப்புறை முழுவதையும் வேறொரு தட்டுக்குப் பிரதிசெய்து, வேலை யாவும் அப்பிரதிகளின்மேலேயே நிகழல் வேண்டும். தன்னியக்கப் பிரதிகள் இருக்குமிடம் மென்பொருள்தோறும் வேறு. பிறீமியர் அவற்றைச் செயற்றிட்டம் இருக்கும் இடத்திலேயே தனிக் கோப்புறையில் வைக்கும். பைனல் கட் மாற்றம் நிகழ்ந்த காலை 15 நிமிடத்துக்கு ஒருமுறை நூலகத் தரவுத்தளத்தை மட்டும் பயனரின் திரைப்படக் கோப்புறையிலே வைக்கும். மூலப்படம் அதிற் சேராது. அவிட் மென்பொருள் பெட்டிகளின் பழைய பிரதிகளை இலக்கமிட்டு வைக்கும் இடத்துக்கு ஆங்கிலத்திற் 'பரண்' என்னும் பொருளுடைய பெயரே இடப்பட்டுள்ளது. பழையன தேடுவார் பரணில் ஏறுதல் எங்கும் வழக்கே போலும். றிசோல்வில் இக்காப்பு ஏற்பாட்டை அமைப்புப் பக்கத்திற் சென்று சரிபார்த்தல் வேண்டும். அது நடைபெறுகின்றதெனத் தாமே கருதியிருத்தல் கூடாது.

அண்மைய பிரதி திறவாதாயின் அதற்கு முந்தியதை, அதுவும் இன்றேல் அதற்கும் முந்தியதைத் திறந்து பார்த்தல் வேண்டும். எதுவுந் திறவாதவிடத்து, வெறுமையான புதுச் செயற்றிட்டம் ஒன்றைத் தொடங்கி, பழையதை அதனுள் இறக்குமதி செய்தல் பிறீமியர் கையாள்வோர் நன்கறிந்த வழி. நேரே திறக்கும்போது மென்பொருள் சாளர அமைப்பு முதலியவற்றையுஞ் சேர்த்துப் படிக்கும். இறக்குமதியிலே காலக்கோடுகளையுந் துணுக்குகளையுமே நாடும். ஆகவே நேர்வழியில் விழுவது இவ்வழியிலே தப்புவதுண்டு. காலக்கோடு பலவாயின், யாவற்றையும் ஒருங்கே கொண்டுவராது பாதியைக் கொண்டுவருதல் வேண்டும். அப்பாதி நன்றாயின் பழுது மற்றப் பாதியிலே. அதனையும் இரண்டாக்கித் தேடலாம். பழுது ஒன்றேயாயின், 64 காலக்கோடுகளிடையே அஃது எங்குள்ளதென ஆறு முயற்சியிற் கண்டுவிடலாம். 63 தப்பும், ஒன்றை மீளத் தொகுக்கவேண்டும்.

இதுவுங் கைகூடாதபோது கோப்பின் உள்ளே நோக்கவேண்டியதாகின்றது. பைற்றுகளை எண்ணாகக் காட்டும் எளிய மென்பொருள்கள் பல இலவசமாய்க் கிடைக்கின்றன. ஜீசிப் முறையாற் சுருக்கிய கோப்பாயின் முதலிரு பைற்றுகள் 31, 139 என்னும் எண்களாய் இருக்கவேண்டும். அங்கே தொடங்கி முடிவுவரை பூச்சியமே காணப்படின் அக்கோப்பில் மீட்கத்தக்கது எதுவுமில்லை. அதில் நேரத்தைப் போக்காது பழைய பிரதிகளைத் தேடுதலே அறிவுடைமை. தொடக்கஞ் சரியாக இருப்பின் நம்பிக்கைக்கு இடமுண்டு. ஜீசிப் கோப்பின் இறுதி எட்டுப் பைற்றுகளிலே ஒரு சரிபார்ப்பு எண்ணும், விரித்தபின் இருக்கவேண்டிய நீளமும் எழுதப்பட்டிருக்கும். கோப்பின் வால் அறுந்திருந்தால் இவை இல்லாதொழியும்; விரிக்கும் மென்பொருள் குறைகூறும். ஆயினும் அறுந்தவிடம் வரையுள்ளதை விரித்துத் தரும். நடுவிலே கெட்டிருப்பதே இன்னல் மிக்கது. சுருக்கும் முறையானது முன்வந்த சொற்றொடர் மீண்டும் வருமிடத்து அதனை எழுதாமல், 'இத்தனை பைற்று முன்னே காண்க' என்று மட்டும் எழுதும். இவ்வாறு 32,768 பைற்று வரை பின்னோக்கிச் சுட்டும். ஒரு பைற்று பிழைத்தால் அதனைச் சுட்டுவனவும், சுட்டுவனவற்றைச் சுட்டுவனவும் பிழைக்கும். எழுத்துக் கோப்பில் ஒரு வரியோடு நின்றிருக்கக்கூடிய கேடு இங்கே எஞ்சிய பகுதி முழுவதையுங் கவ்விக்கொள்கின்றது.

விரித்தெடுத்த எக்ஸ்எம்எல் உரையை எழுத்துத் தொகுப்பியிலே திறந்தால், துணுக்குகளின் பெயரும் அவற்றின் தொடக்க முடிவு எண்களும் வெளிப்படையாகக் காணப்படும். அறுந்த வாலில் மூடப்படாத குறிச்சொற்களை மூடிவிட்டாற் கோப்பு திறந்துவிடுமெனச் சிலர் எழுதுவர். அஃது ஓரளவே உண்மை. பிறீமியரின் உரையிலே ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம் உண்டு. ஒரு காலக்கோடு தன் துணுக்குகளை இலக்கத்தாற் சுட்டுமேயன்றித் தன்னுள்ளே அடக்கிக்கொள்வதில்லை. முன்பகுதியிலுள்ள காலக்கோடு பின்பகுதியில் அறுந்துபோன துணுக்கைச் சுட்டியிருந்தால், குறிச்சொற்கள் இலக்கணப்படி சரியாயிருந்தும் மென்பொருள் ஏற்காது. சுட்டப்பட்டு இல்லாதனவற்றைத் தேடி, சுட்டும் வரிகளையும் அகற்றல் வேண்டும். இதற்குப் பொறுமையும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தனிப் பிரதியும் இன்றியமையாதன. கேடன்லைவ், ஷொட்கட் கோப்புகளிலே இவ்வேலை மிக எளிது.

தரவுத்தளத்தை மீட்பது வேறொரு துறை. எஸ்கியூலைட் தன் தரவைச் சம அளவான பக்கங்களாகப் பகுத்து வைப்பதனால், ஒரு பக்கங் கெட்டால் ஏனைய பக்கங்கள் பிழைத்திருக்கும். அதன் கட்டளைக் கருவியிலே 2019இற் சேர்க்கப்பட்ட மீட்புக் கட்டளை, ஒழுங்குமுறையை நம்பாது பக்கந்தோறுஞ் சென்று அகப்பட்ட வரிசைகளையெல்லாம் புதியதொரு தரவுத்தளத்திற் சேர்க்கும். அவ்வாறு சேர்ந்ததைத் தொகுப்பு மென்பொருள் ஏற்கும் என்பதற்கு உறுதியில்லை; எனினும் ஏற்றவிடத்து உழைப்பு வீணாகாது.

பல பிரதிகள் கிடைத்தும் ஒன்றேனும் முழுமையாயிராத நிலையும் உண்டு. செவ்வாய்க்கிழமைப் பிரதியில் முதற்பாகமும், வியாழக்கிழமைப் பிரதியில் ஒலிக்கோர்வையும் நன்றாயிருக்கலாம். இரண்டையும் ஒரு புதுச் செயற்றிட்டத்தில் இறக்கி, நல்லதை நல்லதோடு பொருத்துவது பழைய நூற்பதிப்பாசிரியர் தொழிலை ஒத்தது. 1887இலே கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, ஓர் ஏட்டிற் செல்லரித்தவிடத்தை மற்றோர் ஏட்டினால் நிரப்பவன்றோ பல பிரதிகளைத் தேடி அலைந்தார். அவருக்கு ஏடுகள் நெடிய கால இடைவெளியில் எழுதப்பட்டவை. தொகுப்பாளருக்குச் சில மணித்தியால இடைவெளியே. ஆகவே இவரது வேலை இலேசானது.

அழித்துவிட்ட கோப்பை மீட்பது பற்றியும் ஒரு சொல். காந்தத் தட்டிலே அழித்தது உடனே மறைவதில்லை. அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை மீட்கலாம். திண்மநிலைத் தட்டிலோ, அழித்த இடத்தைப் பணிசெயல் முறைமை உடனே தட்டுக்கு அறிவிக்கத் தட்டு அதனைத் தானே துடைத்துவிடும். அதன்பின் மீட்பு மென்பொருள் விற்போர் சொல்வதை நம்பிப் பொருளிழத்தல் வேண்டா.

காக்கும் வகையை நோக்கின், அவ்வப்போது புதிய பெயரிற் சேமித்தல் எல்லாவற்றினும் எளிது, பயனும் பெரிது. நாளுக்கு ஒன்றாகத் திகதியும் இலக்கமும் இட்டுச் சேமித்துவந்தால், மறைந்து புகும் பழுதும் நேற்றைய கோப்பைத் தொடாது. சில மெகாபைற்றுக் கோப்பை நூறு முறை வைத்தாலும் மூலப்படத்தின் ஒரு துணுக்களவு இடங்கூடப் பிடிக்காது. தன்னியக்கப் பிரதிகள் வேறொரு தட்டிற் சேருமாறும் செய்தல் வேண்டும். ஒரே தட்டிலுள்ள இருபது பிரதியும் அத்தட்டு கெட்டால் ஒருங்கே கெடும். ஒளிப்படக் கலைஞர் பீற்றர் குறோக் பரப்பிய விதியும் இதனையே கூறும்: பிரதி மூன்று, அவற்றை வைக்கும் ஊடகம் இருவகை, அவற்றுள் ஒன்று வேறிடத்திலே. மேசைக்கணினிக்கு மின்கலம் பொருந்திய தடையிலா மின்வழங்கி வேண்டும். மென்பொருளின் புதிய பதிப்புக்கு ஒரு படத்தின் நடுவே மாறுதல் கூடாது. முக்கியமான கட்டந்தோறும் காலக்கோட்டைத் தீர்மானப் பட்டியலாகவோ பரிமாற்ற எக்ஸ்எம்எல் கோப்பாகவோ ஏற்றுமதி செய்து வைத்தலும் நன்று. அதில் நிறத்திருத்தமும் செருகுநிரல் வேலையும் பெரும்பாலும் அற்றுப்போகும். வெட்டும் வரிசையும் நிற்கும். எந்நாற்பது நிமிடம் என்பது நிற்கும்.

காப்புப் பிரதி இருப்பது வேறு, அஃது உயிரோடிருப்பது வேறு. இவ்வேறுபாட்டைத் திரையுலகம் அறிந்த கதை 'டோய் ஸ்டோரி 2' என்னும் உயிர்ப்புப் படத்தினது. 1998இலே பிக்ஸார் நிறுவனத்தில், யாரோ ஒருவர் தவறான இடத்திலிட்ட ஓர் அழித்தற் கட்டளை படத்தின் கோப்புகளைத் தொடர்ந்து அழிக்கத் தொடங்கியது. ஓரென் ஜேக்கப் என்னுந் தொழினுட்பவியலாளர் பாத்திரங்களின் கோப்புகள் ஒவ்வொன்றாக மறைவதைத் திரையிற் கண்டு, கணினியை உடனே நிறுத்தச் சொன்னார். நிறுத்துமுன் படத்தின் பெரும்பகுதி போயிற்று. காப்பு நாடாக்கள் இருந்தன. அவற்றிலிருந்து மீட்டு வேலையைத் தொடர்ந்தனர். சில நாட் கழிந்த பின்னரே மீட்டவை குறையுடையன எனத் தெரிந்தது. காப்பெடுக்கும் ஏற்பாடு முன்னரே பழுதுற்றிருந்ததை ஒருவரும் அறிந்திலர். ஏனெனில் அதிலிருந்து எதனையும் மீட்டுப் பார்த்தவர் இல்லை. அப்பொழுது கலின் சுஸ்மன் என்னும் மேற்பார்வைத் தொழினுட்ப இயக்குநர், மகப்பேற்றின்பின் வீட்டிலிருந்தே வேலைசெய்யும்பொருட்டுப் படத்தின் பிரதியொன்றைத் தம் வீட்டுக் கணினியில் வைத்திருப்பதை நினைவுகூர்ந்தார். அக்கணினியைக் கம்பளியாற் பொதிந்து, மோட்டார் வண்டியின் பின்னிருக்கையிலே வைத்து, மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தனர். அப்பிரதியையும் நாடாவில் எஞ்சியதையும் ஒப்புநோக்கிப் பல்லாயிரங் கோப்புகளைச் சீர்செய்தனர். படத்தின் கதை பின்னர் பெரும்பாலும் மாற்றி எழுதப்பட்டது வேறு செய்தி. 1999 நவெம்பரிலே அது திரைக்கு வந்தது.